மலைநாட்டின் கதையை மலைநாட்டாரே படமாக்கட்டும்

2023-ம் ஆண்டு மலைநாட்டுத் தமிழ் மக்களின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக நம் மூதாதையர் இந்நாட்டுக்கு அழைத்துவரப்பட்ட 1823-ம் ஆண்டிலிருந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு, அவர்கள் நடந்து வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆடி வெயிலில் நம்மவர் மீண்டும் நடந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தென் கொரியாவின் பூசான் நகரில் நடந்த திரைப்பட விழாவில், நம் மலைநாட்டைக் களமாகக் கொண்ட ஒரு படத்துக்குக் கிம் ஜிசோக் விருது வழங்கப்பட்டது. நடைப்பயணத்தைப் பற்றி மேடைக்கு மேடை பேசினோம். விருதைப் பற்றி வாய் திறந்தோமில்லை. அரசியல் வார ஏட்டில் சினிமாவுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களும் உளர். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

அப்படத்தின் பெயர் ‘பாரடைஸ்’. ஆக்கியவர் பிரசன்ன விதானகே. இலங்கைச் சினிமாவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர், சிங்களவர், தமிழர் படும் துன்பத்தை மனச்சாட்சியோடு நோக்கிய கலைஞர். 2022-ம் ஆண்டு, நாடு வங்குரோத்தடைந்து மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வேளையில், கேரளத்திலிருந்து ஓர் இளந் தம்பதியர் மலைநாட்டுக்கு உல்லாசப் பயணம் வருகின்றனர். அவர்களுடைய மடிக்கணினியும் கைத்தொலைபேசிகளும் திருட்டுப் போகின்றன. பொலிசார் யாரைப் பிடிக்கின்றனர்? அயல் தோட்டத்துத் தமிழரை. அடையாளம் காட்டு என்கின்றனர். கணவன் காட்டுகிறான். காட்டப்பட்டவன் காவலில் அடிபட்டுச் சாகிறான். மலைநாட்டு நீதவான் மன்றங்களின் படிகளில் இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கும் நமக்கு இக்கதை புதிதன்று. நகரத்துக் கடையில் பொருள் காணாமற் போனாலும், பங்களாவில் நகை காணாமற் போனாலும், முதலில் தட்டப்படும் கதவு லயத்துக் கதவே. அதை உலக அரங்கிலே எடுத்துக் காட்டிய இயக்குநருக்கு நாம் நன்றிக் கடன் பட்டுள்ளோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கதையை நடத்திச் செல்வோர் வெளியிலிருந்து வந்த தம்பதியர். தோட்டத்து மனிதர் சந்தேக நபராக வருகின்றனர், பிணமாக வருகின்றனர், நீதி கேட்டுத் திரளும் கூட்டமாக வருகின்றனர். இது இயக்குநரின் குற்றமன்று. அவர் எடுத்துக்கொண்ட கதை வெளியார் கண்ணால் காணும் கதை. அதை அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் செத்துப்போன அந்த இளைஞனின் தாய் அன்று விடியற்காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டு அவனோடு என்ன பேசினாள் என்பதைப் படமாக்க வேண்டியவர் யார்? பிரசன்ன விதானகேயா? அல்லது நாமா?

இந்தக் கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1934-ம் ஆண்டில் பசில் ரைட் என்னும் ஆங்கிலேய இளைஞர், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் செலவில், இங்கு வந்து ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற படத்தை எடுத்தார். ஜோன் கிரியர்சன் தயாரிப்பாளர். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் அப்படம் 1935-ம் ஆண்டு பிரசல்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. விவரணப் படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதைத் தவிர்த்து எழுத முடியாது. அழகிய படம்; அதை நாம் மறுக்கவில்லை. நான்கு பகுதிகளாக அமைந்த அதில் விகாரை உண்டு, வயல் உண்டு, கண்டி நடனம் உண்டு. பின்னணியில் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் வாசிப்பதோ 17-ம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ் எழுதி வைத்தது. வணிகத்தின் குரல்கள் என்று பெயரிட்ட மூன்றாம் பகுதியில்தான் தேயிலை வருகிறது. கொழுந்து கிள்ளும் விரல்கள் திரையில் அசைகின்றன. காதிலே ஒலிப்பன சந்தை விலையும் கப்பற் சரக்கும் கூறும் குரல்கள். தேயிலைக்குப் பணம் கொடுத்தவர்கள் எடுப்பித்த படத்தில், தேயிலையை உண்டாக்கியவர்கள் தம் வாயால் தம் கதையைச் சொல்ல இடமில்லை. வென்டின் குரல் உலகெங்கும் ஒலித்தது. நொக்ஸின் எழுத்து ஒலித்தது. கூடை சுமந்தவளுக்கு மட்டும் குரல் கொடுக்கப்படவில்லை.

அதன் பின்னர் வந்தவர்கள் அந்த அளவுக்கும் செல்லவில்லை. 1954-ல் வெளியான ‘எலிபன்ட் வோக்’ என்ற ஹொலிவூட் படத்தில் எலிசபெத் டெய்லர் ஒரு தோட்டத் துரையின் மனைவியாக நடித்தார். பங்களா, யானை, துரையின் குடும்பப் பூசல் ஆகியவையே கதை. மலை பின்திரை; மனிதர் அதிலே தீட்டிய சித்திரம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நம்மவர் முயலவே இல்லை என்றும் கூறிவிட முடியாது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975-ம் ஆண்டில் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்துத் தாமே நடித்தார். தமிழகத்துப் படங்களோடு போட்டியிட்டு, சிறிய சந்தையை நம்பி, பெரிய படம் எடுப்பதென்பது எத்தகைய சூதாட்டம் என்பதை அக்காலத்துப் படமுதலாளிகளின் கடன் பத்திரங்களே சொல்லும். ஆகவே பெரும் படத்தைக் கனவு காண்பதை விட்டுக் குறும்படத்தின் பக்கம் நம் இளைஞர் திரும்பவேண்டும் என்கிறோம்.

குறும்படம் என்பது பெரும் படத்தைச் சுருக்கிய பொட்டலமன்று. அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஈரானில் சிறுவருக்கான கலை வளர்ச்சி நிறுவனம் ஒன்றிருந்தது. அங்கே பணியாற்றிய அபாஸ் கியரோஸ்தமி 1970-ம் ஆண்டில் தம் முதற் படத்தை எடுத்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு சிறுவன். சந்திலே குரைத்து மறிக்கும் ஒரு நாய். நாய்க்கு ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுவிட்டு அவன் வீடு போய்ச் சேர்கிறான். ஏறத்தாழ 10 நிமிடம். பெரிய நட்சத்திரம் இல்லை, கண்ணைப் பறிக்கும் காட்சி இல்லை. அந்தப் பையனின் பயத்தை நம் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் அறியும். பனி மூட்டத்தில் மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நாய் மட்டுமா, சிறுத்தையும் உண்டே! இந்தச் சிறு படத்தில் தொடங்கியவர் 1997-ம் ஆண்டில் கான் விழாவின் தங்கப் பனையைப் பெற்றார்.

இவ்வாறு தொடங்குவோருக்கு ஆசியாவிலே இன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. 1996-ல் ஆரம்பித்த பூசான் விழாவிலேயே ஆசியக் குறும்படங்களுக்குத் தனிப் போட்டியும் பரிசும் உண்டு. மும்பாய்க்காரரான பாயல் கபாடியா, மாணவியாக இருந்தபோது எடுத்த குறும்படம் 2017-ல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குத் தெரிவாயிற்று. ஏழு ஆண்டுகளில் அதே விழாவின் பிரதான போட்டியில் இரண்டாம் பெரும் பரிசை வென்றார். படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கும், நமக்கு எங்கே என்பீர்களாயின், மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த பி. எஸ். வினோத்ராஜைப் பாருங்கள். சிறுவயதில் பூ விற்றவர். திருப்பூரில் ஆலைவேலை செய்தவர். படத்தட்டு விற்கும் கடையில் நின்றுகொண்டு உலகத்துப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தவர். தம் சகோதரிக்கு நேர்ந்த ஒரு துயரத்திலிருந்து பிறந்த அவருடைய ‘கூழாங்கல்’ 2021-ம் ஆண்டில் றொட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. தமிழ்ப் படத்துக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. கந்தக பூமியிலே தகப்பனும் மகனும் நடக்கும் நடையே அந்தப் படம். நம் ஆட்களின் நடை அதற்குக் குறைந்ததா?

தலைமன்னாரிலிருந்து வந்த நடையை மட்டும் நாம் கருதவில்லை. தலைமன்னாருக்குத் திரும்பிச் சென்ற பயணமும் உண்டு. 1948-ம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று, அவர்களில் ஒருவரையும் கேளாமல், 1964-ம் ஆண்டு ஒக்டோபர் 30-ந் தேதி இரு பிரதமர்கள் கையொப்பமிட்டனர். அதன் பயனாக மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து புறப்பட்ட வண்டியை நம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். அக்கா ஏறினாள், தங்கை மேடையில் நின்றாள். அன்று அந்த மேடையில் நின்றவர்களின் கையில் கமரா இருக்கவில்லை. இருந்ததெல்லாம் கண்ணும் நினைவும். அக்காலத்தில் இருபது வயதாயிருந்த பெண்ணுக்கு இன்று எழுபதுக்கு மேல். அவளைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய காலம் இதுவே. இந்த வேலைக்கு இன்னும் பத்து ஆண்டு பொறுப்போம் என்பார் எவராயினும், அவர் வழக்கில் சாட்சி இறந்த பின் விசாரணைக்கு நாள் குறிக்கும் நீதிபதியை ஒப்பர்.

கருவிக்கா பஞ்சம்? ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருந்தால் பதினைந்து கைத்தொலைபேசியாவது இருக்கும். ஒலிதான் உண்மையான இடையூறு. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசும் குரல் முழுவதும் அதில் மூழ்கிப்போகிறது. மழை ஓய்ந்தால் காற்று. நல்ல ஒலிவாங்கி ஒன்று பத்துப் படத்துக்கு உதவும். கொழும்பில் நல்ல நிலையில் இருக்கும் மலைநாட்டு வைத்தியரும் கணக்காளரும் பொறியியலாளரும் தத்தம் பழைய பாடசாலைக்கு அதை வாங்கிக் கொடுத்தால், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த புண்ணியத்துக்கு அது எவ்வகையிலும் குறையாது.

ஆனால் கருவி இருந்தும் கை கட்டப்படும் இடமொன்று உண்டு. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். கொழும்பிலே புடைவைக் கடையொன்றில் வேலை. தீபாவளிக்கு ஊர் வந்தபோது, ஒப்பாரிக் கோச்சியில் தமக்கையை அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிய தம் பாட்டியைப் பற்றி 12 நிமிடப் படமொன்று பிடித்திருக்கிறார். லயத்து வாசலில் கமராவைக் கண்ட தோட்டக் காவற்காரர், கைத்தொலைபேசியைப் பறித்துக் காரியாலயத்தில் ஒப்படைக்க, அங்கே படத்தை அழித்தாலொழியத் திருப்பித் தரமாட்டோம் என்றனராம். “ஐயா, எங்க வீட்ட நான் படம் புடிக்கக் கூடாதா?” என்றார் அவர். “தம்பி, எதையும் அழித்துவிடாதீர்கள்” என்று கூறி அன்றைக்கே ஒரு கடிதம் அனுப்பினோம். மூன்றாம் நாள் தொலைபேசி வந்து சேர்ந்தது. படமும் உள்ளே இருந்தது.

அக்கடிதத்தில் நாம் எழுதியதைச் சுருக்கி இங்கே தருகிறோம்; வேறு இளைஞர்களுக்கும் பயன்படக்கூடும். அத்துமீறிப் பிரவேசித்தல் என்னும் குற்றத்துக்கு நம் தண்டனைச் சட்டக் கோவை ஓர் எண்ணத்தை வேண்டி நிற்கிறது: குற்றமிழைக்கும் எண்ணம், அன்றேல் உடைமையாளரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணம். வேலை முடிவுறுத்தப்பட்ட பின்னும் தோட்டத்தை விட்டு வெளியேறாதிருந்த ஒரு தொழிலாளியின் வழக்கு, கோமறைக் கழகம் எனப்படும் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சின்னசாமி செல்வநாயகம் எதிர் அரசர் என்பது வழக்கின் பெயர். அவனுடைய மேலோங்கிய நோக்கம் தன் வீட்டில் இருப்பதேயன்றித் துரையைத் தொல்லைப்படுத்துவதன்று என்று கூறி, அவன் மீதான தீர்ப்பை அக்கழகம் தள்ளிவிட்டது. துரையைச் சினப்படுத்தும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது; அதுவே நோக்கமாக இருக்கவேண்டும். அப்படியிருக்க, பாட்டி அழைக்கப் பேரன் பாட்டியின் காம்பராவுக்குள் சென்று அவள் பேச்சைப் பதிவு செய்வதில் எந்தக் குற்ற எண்ணத்தைக் காண்பது?

தொழிற்சாலைக்குள்ளும் காரியாலயத்துக்குள்ளும் கமராவோடு நுழைவது வேறு விஷயம் என்பதையும் இளைஞர்கள் உணரவேண்டும். அங்கே அனுமதி கேட்டே செல்லவேண்டும். ஆனால் அனுமதி கேட்டால் கிடைக்கிறதா? 1992-ம் ஆண்டிலே தோட்ட முகாமை கொம்பனிகளின் கைக்குப் போனது. நிலமோ இன்றும் பெரும்பாலும் அரசின் நிலம். உல்லாசப் பயணி தேயிலைச் செடிக்கிடையில் நின்று படம் பிடித்துக்கொள்ள ஒருவரும் தடை சொல்வதில்லை. கூடையைத் தானும் ஒரு கணம் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார், துரைமாரும் சிரிக்கின்றனர். அந்தக் கூடையை முப்பது ஆண்டு சுமந்தவளின் மகன் கமராவை எடுத்தால் மட்டும் காவற்காரர் ஓடி வருகிறார்.

இந்த வாயிற்கதவு பழைய கதவு. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கதவு சட்டப்படி திறந்தது 1970-ம் ஆண்டிலேதான். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பதற்கு அவ்வாண்டின் 25-ம் இலக்கச் சட்டம் உரிமை தந்தது. சங்கத்துக்குக் கிடைத்த உரிமையை ஒத்த ஒரு வழி, முன்னறிவித்தல் கொடுத்து வரும் படப்பிடிப்பாளருக்கும் கிடைக்கவேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கையையும் வைத்தால் குறைந்துவிடப் போவது என்ன? சங்கத் தலைவர்கள் சிந்திப்பார்களாக.

தலைவர்களைக் குறிப்பிட்டபின் நம்மையும் குறிப்பிடாதிருத்தல் நேர்மையன்று. நமது கட்சிகளும் சங்கங்களும் படம் பிடிப்பித்ததே இல்லையா? மே தினந்தோறும் பிடிப்பித்தோம். மாலை போடுவதைப் பிடிப்பித்தோம், பொன்னாடை போர்த்துவதைப் பிடிப்பித்தோம், பெரியவர் காரிலிருந்து இறங்குவதை இரண்டு பக்கமிருந்தும் பிடிப்பித்தோம். கூட்டத்துக்கு வந்த பெண்ணின் முகம் அவற்றில் அரைக் கணமும் நிலைத்ததில்லை. தேயிலைப் பிரசார சபை தேயிலைக்குச் செய்ததை நாம் தலைவர்களுக்குச் செய்தோம். இனி இளைஞர் எடுக்கும் படத்தில் சங்கத்தின் மீதும் குறை கூறப்படலாம். அப்போது காவற்காரரின் வேலையை நாம் பார்க்கலாகாது.

இளைஞரிடமும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு விழாக்காரருக்கு ஏழையின் கண்ணீர் பிடிக்கும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. ஒழுகும் கூரை, வெறும் பானை, அழும் குழந்தை, அடுத்தது விருது என்று கணக்குப் போடுகின்றனர். தேயிலைப் பெட்டியில் சிரித்துக்கொண்டே நிற்கும் பெண் பொய்யானவள்தான். படம் முழுவதும் அழுதுகொண்டே இருப்பவளும் அவளைப் போலவே பொய்யானவள். கொழுந்து மடுவத்துக்குப் போய் நில்லுங்கள். நிறுவையில் கிலோ கழிக்கும் கணக்கப்பிள்ளையை அவள் என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று கேளுங்கள். அவன் முகம் சிவக்க, வரிசை முழுவதும் சிரிப்பதைப் பாருங்கள். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு வேடம் கட்டும் மனிதன், விடிந்ததும் அரிதாரம் முற்றாகப் போகாத முகத்தோடு பிரட்டுக்களத்தில் நிற்பதைப் பாருங்கள். அங்கே ஒரு படம் இருக்கிறது; எந்த வெளியாரும் அதை எடுக்க வரமாட்டார். நுவரெலியாவிலே லீக்சும் கரட்டும் பயிரிடும் நம் விவசாயியின் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. லொறி புறப்படும் நேரத்தில் விலை விழுந்த செய்தி வரும்போது அவ்வீட்டில் நிலவும் மௌனத்தைப் பிடித்தாலே போதும். படம் பிடித்தால் சோறு கிடைக்குமா என்று அத்தகப்பனார் கேட்பார். கிடைக்காது என்றே பதில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எடுங்கள்.

எடுத்த படத்தை எங்கே காட்டுவது? யாழ்ப்பாணத்தில் 2015-ம் ஆண்டு ஒரு சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. அதை முன்னின்று நடத்தியவர் அனோமா ராஜகருணா. இவரும் சிங்களவர், திரைப்பட இயக்குநர். போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், தமிழரும் சிங்களவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஆசிய நாடுகளின் புதிய இயக்குநர் எடுத்த படங்களையும் குறும்படங்களையும் பார்த்தனர். யாழ்ப்பாணத்தில் முடிந்தது ஹட்டனில் முடியாதா? பெரு விழா வேண்டாம். மூன்று நாள் போதும். பகலில் நகர மண்டபத்தில் ஆசியாவின் புதியவர்களுடைய படங்கள், இரவில் பக்கத்துத் தோட்டங்களின் பிரட்டுக்களங்களில் வெள்ளைத் துணி கட்டி நம் பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிங்கள எழுத்து ஓடவேண்டும் என்பதை மட்டும் நாம் வற்புறுத்துவோம். தோட்டத்து எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்துச் சிங்கள விவசாயி, நம் லயத்தை நாள்தோறும் கடந்து போகிறார். உள்ளே நடப்பதை அவர் கண்டதில்லை. அவரும் வந்து உட்காரட்டும். பகிரங்கக் காட்சிக்கு 1912-ம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பெறவேண்டிய அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நன்று. அந்தப் பத்திரங்களை எழுதும் பொறுப்பைக் கட்டணமின்றி நாமே ஏற்கிறோம்.

முதல் முயற்சியாக, வரும் மாசியில் ஒரு மாலைக் காட்சி வைப்பதென்று நண்பர்கள் சிலர் கூடிப் பேசியிருக்கிறோம். புடைவைக் கடை இளைஞரின் 12 நிமிடப் படமே முதலில் காட்டப்படும். பாட்டியார் வருவதற்கு இசைந்துவிட்டார். இளைஞரின் தாயாரோ ஒரு நிபந்தனை விதித்துள்ளார். இன்னும் கொழுந்து எடுப்பவர் அவர். காட்சியை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கவேண்டுமாம். வேலை நாளில் வைத்தால், நேரத்தோடு மலையிலிருந்து இறங்கியதற்கு அரைப்பேர் போட்டுவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை என்றே தீர்மானித்துள்ளோம்.